கறை

"செடிக்கும் உயிர் இருக்குல்ல? அப்ப கீரையைக் கிள்ளினா அதுக்கும் வலிக்கத்தானே செய்யும்?"

சைவம் அசைவம் பற்றிய எந்தப் பேச்சும் பத்து நிமிடம் தாண்டினால் இந்தக் கேள்வி வந்து விழுந்துவிடும். ஆபீஸ் கேண்டீனில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், காலேஜ் வாட்ஸப் குரூப்பில் வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிறேன். கேட்பவர் அநேகமாக என்னைப் போல ஆட்டுக்கறி சாப்பிடுபவராக இருப்பார். கீரை மேல் அவருக்கு ஒரு கரிசனமும் கிடையாது. எதிரே உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுபவரின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு நியாயமான கோபமும் உண்டு என்றே நினைக்கிறேன். நம்மூரில் சைவம் என்பது வெறும் சாப்பாட்டு வழக்கமாக இருந்ததில்லை. வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தவர்களுக்கு அது தெரியும். சைவக்காரரும் விடமாட்டார். "செடிக்கு நரம்பே இல்லையேப்பா" என்பார். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு கை கழுவப் போவார்கள்.

கேள்வியைத் தடியாக எடுத்துச் சுழற்றிவிட்டுக் கீழே போட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். நிஜமாகவே கேட்டால் அது பெரிய கேள்வி. ஓர் உயிரின் மேல் காயம் படுகிறது. அந்த உயிர் பதிலுக்கு ஏதோ செய்கிறது. அந்த 'ஏதோ'வை எந்தக் கட்டத்தில் வலி என்று சொல்லலாம்? யாருடைய காயம் நம் கணக்கில் வர வேண்டும்?

இரண்டு வருடமாக நான் இத்தலாரில் இருக்கிறேன். ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற வழியில் உள்ள படகர் ஊர். வேலை லேப்டாப்பில்தான் என்பதால் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். மழை வலுத்தால் நெட்வொர்க் போய்விடும், அதைத் தவிரப் பெரிய குறை இல்லை. ஜன்னலைத் திறந்தால் தேயிலை. சின்னச் சின்னத் தோட்டங்கள், நடுவே கேரட், உருளை, பூண்டு. ஊரிலேயே ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை. செடியைக் காயப்படுத்துவது இங்கே தத்துவப் பிரச்சினை அல்ல, காலை எட்டு மணி வேலை. அதனால் கேள்வியைக் கீரையை விட்டுத் தேயிலைக்கு மாற்றிக்கொண்டேன்.

*

முதலில் ஓர் இலை கிழிபடும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். இது கொஞ்சம் நீளும். ஆனால் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் நாம் எல்லோரும் தீர்ப்பு சொல்கிறோம்.

1972-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீன், ரயன் என்ற இருவர் தக்காளி, உருளைச் செடிகளில் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். ஓர் இலையை வண்டு கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் உருவாகின்றன. அதாவது சேதி போகிறது. எப்படிப் போகிறது என்பதைத் துப்பறிவதில் அடுத்த ஐம்பது வருடம் கழிந்தது. 2018-ல் டொயோட்டா, கில்ராய் குழுவினர் அதை வீடியோவாகவே எடுத்தார்கள். கால்சியம் கூடினால் ஒளிரும்படி மாற்றப்பட்ட ஒரு சிறு செடி. புழு ஓர் இலையைக் கடிக்கிறது. கடித்த இடத்திலிருந்து ஒளி கிளம்பி, காம்பு வழியாக நொடிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடி, ஓரிரு நிமிடத்தில் தூரத்து இலைகளைத் தொடுகிறது. கிழிந்த செல்லிலிருந்து கொட்டும் குளூட்டமேட் அதைக் கிளப்பிவிடுகிறது. நம் மூளையில் ஒரு நரம்புசெல் அடுத்ததோடு பேசப் பயன்படும் அதே குளூட்டமேட். வீடியோவைப் பார்த்த யாருக்கும் ஒரு நொடி நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்.

இந்தக் கால்சியத்தோடு கைகோத்து ஓடும் இன்னொன்றுதான் எனக்கு அதைவிட விசேஷமாகப் படுகிறது. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியவை. ஹைட்ரஜன் பெராக்சைடு நமக்குப் புதியதல்ல. முட்டி சிராய்த்துக்கொண்டு போனால் கம்பவுண்டர் ஊற்றுவாரே, ஊற்றியதும் வெள்ளையாக நுரைக்குமே, அது. செடி அதைத் தானே தயாரிக்கிறது. செல்லின் தோல் மேல் இதற்கென்றே ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. சேதி வந்ததும் அது வெளியே உள்ள ஆக்சிஜனுக்கு ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் சூப்பர் ஆக்சைடாகி, நொடிக்குள் பெராக்சைடாக மாறும். அது பக்கத்துச் செல்லைத் தட்டும். பக்கத்துச் செல் தன் நொதியை முடுக்கித் தன் பெராக்சைடைத் தயாரிக்கும். அது அதற்கு அடுத்ததைத் தட்டும். 2009-ல் ரான் மிட்லரின் குழு இந்த அலையை அளந்தது: நிமிடத்துக்கு 8.4 சென்டிமீட்டர். அந்த ஒரு நொதிக்கான மரபணுவை எடுத்துவிட்ட செடியில் அலை நின்றுபோனது.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. தலைமை சர்வர் என்று எதுவும் இல்லாமல், ஒவ்வொரு கணினியும் தனக்குத் தெரிந்ததைப் பக்கத்துக் கணினிக்கு மட்டும் சொல்லி, சேதியை நெட்வொர்க் முழுக்கப் பரப்பும் முறை. ஊர்வம்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். செடியும் வம்பு பேசித்தான் சேதி சொல்கிறது.

ஆனால் என்ன பொருளால் பேசுகிறது என்பதுதான் விஷயம். பெராக்சைடு அளவு மீறினால் புரதத்தையும் கொழுப்பையும் டிஎன்ஏவையும் அரித்துவிடும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்ததிலிருந்து உயிர்களுக்கு இது தீராத தொல்லை. அதைச் சுத்தம் செய்யவே கேட்டலேஸ் போன்ற நொதிகளை ஒவ்வொரு செல்லும் வைத்திருக்கிறது. (கம்பவுண்டர் ஊற்றும்போது நுரைப்பது நம் ரத்தத்தின் கேட்டலேஸ் வேலை செய்வதால்தான்.) அப்படிப்பட்ட பொருளையே அளந்து அளந்து விட்டு, தபாலாகவும் வைத்துக்கொண்டது உயிர். கிருமி நுழைந்தால் கொல்லும் ஆயுதம் அதுவே. காயம்பட்ட இடத்தில் செல்சுவரின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டிப்படுத்தும் சிமெண்டும் அதுவே.

இங்கே ஒரு சின்ன விலகல். கிரீன் டீ பாக்கெட்டுகளில் 'ஆன்ட்டி ஆக்சிடென்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 1956-ல் டென்ஹம் ஹார்மன் முதுமைக்குக் காரணம் இந்த ஆக்சிஜன் துகள்கள்தான் என்று சொன்னதிலிருந்து அவற்றுக்கு வில்லன் வேடம். 1994-ல் பின்லாந்தில் 29,000-க்கும் அதிகமான ஆண் புகைபிடிப்பாளர்களை வைத்து நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. 2009-ல் இன்னொரு ஆய்வு, உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு இன்சுலின் சார்ந்த பலன் கிட்டவில்லை என்று காட்டியது. உடம்பு அந்தத் துகள்களைச் சேதியாகப் படிக்கிறது, நாம் சேதியை அழித்துவிடுகிறோம். தொல்லையாக இருக்கிறதென்று அலாரத்தின் ஒயரைப் பிடுங்குகிற பழக்கம் ஆபீஸில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

*

இனி தேயிலை.

வாழைப்பூ ஆய்ந்த எவருக்கும் இந்த வேதியியல் தெரியும். நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துப்போகும், அதனால் மோர்த்தண்ணீரில் போடுவார்கள். கத்திரிக்காயும் அப்படித்தான். செல்லுக்குள் ஓர் அறையில் பாலிஃபீனால்கள், இன்னோர் அறையில் அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கும் நொதி. பைப் ஒழுகினால் ஒட்டும் எம்-சீல் மாதிரி இரண்டும் தனித்தனிப் பொட்டலம். கத்தி பட்டு அறைகள் உடைந்தால் கலந்துவிடும். கலந்ததும் பழுப்பு. பூச்சிக்குச் செரிக்காத, கிருமிக்குக் கசப்பான ஒரு பழுப்பு. மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கிவைக்கிறது.

தேயிலைக் கொழுந்தில் இந்த இரண்டு பொட்டலமும் அபாரமான அளவில் உண்டு. கறுப்புத் தேநீர் என்பது முழுக்க முழுக்க இந்தக் கலப்புதான். பறித்த கொழுந்தை வாட்டும் தொட்டியில் பரப்பி இரவு முழுக்கக் காற்றடிக்கிறார்கள். பிறகு சிடிசி இயந்திரம். 1930 வாக்கில் அசாமில் வந்தது. நீலகிரித் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் அதுதான். பல்போட்ட இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்ற, நடுவில் இலை நசுங்கி, கிழிந்து, சுருள்கிறது. மொத்தத்தில் ஆயிரம் புழு சேர்ந்தாலும் செய்ய முடியாத காயம். அறைகள் எல்லாம் உடைந்து பச்சை இலைக்கூழ் கண்ணெதிரே செம்பு நிறமாகிறது. கேட்டெக்கின்கள் தியாஃப்ளேவினாகவும் தியாரூபிஜினாகவும் மாறுகின்றன. இந்த ஆக்சிஜனேற்றத்தின்போதே பெராக்சைடும் உண்டாகி, பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதிக்குத் தீனியாகிறது. தொழிற்சாலையில் இதைப் ஃபெர்மெண்டிங் என்கிறார்கள். இட்லி மாவு புளிப்பது போல இதில் கிருமி எதுவும் இல்லை, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. சரியான நேரத்தில் ட்ரையரில் போட்டு நொதியைக் கொன்றால் டீத்தூள். பறித்த கையோடு ஆவியில் காட்டியோ வறுத்தோ முதலிலேயே கொன்றுவிட்டால் கிரீன் டீ.

ஆக, டீக்கடையில் "ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று நாம் கேட்பது ஓர் இலையின் காய எதிர்வினையை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தைவானில் 'கீழை அழகி' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு தேநீர் உண்டு. தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில்தான் அதன் தேன் வாசனை வரும். கடிபட்ட இலை பூச்சியின் எதிரிகளை அழைக்க வெளிவிடும் வாசனைப் பொருட்களை மனிதன் ரசித்துக் குடிக்கிறான். பூச்சி கடிக்க வேண்டும் என்பதற்காகவே மருந்தடிக்காமல் விடுகிறார்கள். ஊலாங் தயாரிப்பில் இலைகளை மூங்கில் தட்டில் போட்டுக் குலுக்கிக் குலுக்கி ஓரங்களைச் சிராய்ப்பதும் இதற்குத்தான்.

என்னை உறுத்துவது வாட்டும் தொட்டிதான். அதில் கிடக்கும் கொழுந்து செத்துவிடவில்லை. பல மணி நேரம் சுவாசிக்கிறது, புரதங்களை உடைக்கிறது, வாசனைகளைத் தயாரிக்கிறது. காம்பு முறிந்த இடத்தில் காயத்துக்கான எதிர்வினைகள் நடக்கின்றன. மற்ற இலைகளைக் காப்பதற்காக உருவான சேதி, ஆனால் மற்ற இலைகள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டுத் தோட்டத்தில் நிற்கின்றன. கம்ப்யூட்டரில் சில சமயம் இப்படி நடக்கும். ஒரு புரோகிராமைத் தொடங்கிவைத்த தாய் புரோகிராம் நின்றுபோயிருக்கும். குழந்தை மட்டும் பின்னணியில் ஓடிக்கொண்டு, இல்லாத முகவரிக்கு நிமிடத்துக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கு அனாதை என்றே பெயர். லாக் ஃபைலில் அதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். யாருக்காகச் சங்கடப்படுகிறேன் என்று கேட்டால் பதில் இல்லை. அங்கே யாரும் இல்லை.

*

இலையில் யாராவது இருக்கிறார்களா?

ஜகதீஸ் சந்திர போஸ் இருக்கலாம் என்ற திசையில் யோசித்தவர். 1901 மே மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் காட்டிய சோதனைகள் புகழ்பெற்றவை. மறு வருடம் 'உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் எதிர்வினை' என்ற பொருளில் புத்தகம் எழுதினார். செடிக்கும் மின்துடிப்பு உண்டு என்பதில் அவர் சொன்னது நின்றுவிட்டது. அந்த வகையில் 2018 வீடியோவுக்கு அவர் முப்பாட்டன். ஆனால் புத்தகத்தின் தலைப்பை இன்னொரு முறை பாருங்கள். உயிரற்றவற்றிலும். தகரத்தையும் பிளாட்டினத்தையும் அவர் சோதித்தார். அவையும் தூண்டினால் துடித்தன, தொடர்ந்து தூண்டினால் களைத்தன. எதிர்வினை இருந்தால் வலி இருக்கிறது என்று போஸை மேற்கோள் காட்டுபவர்கள் தகர டப்பாவுக்கும் வலிக்கிறது என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு என் போன் அலறும். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஒரு டிஸ்க் நிரம்பியிருக்கும். சேதம் இருக்கிறது, சேதம் கண்டறியப்பட்டது, சேதி பரவியது, தற்காப்பு நடவடிக்கை தானாகவே தொடங்கியது. செடியில் நடக்கும் எல்லாம் இதில் இருக்கிறது. இந்த மொத்த அமைப்பில் வேதனை இருக்கும் ஒரே இடம் போர்வைக்குள் இருக்கும் நான். மருத்துவத்திலும் இந்தப் பிரிவினை உண்டு. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், சுடுகிறது என்று உணர்வதற்கு முன்பே தண்டுவடம் கையை இழுத்துவிடுகிறது. மயக்க மருந்தில் இருப்பவரின் நரம்புகள் கத்தியைப் பதிவு செய்துகொண்டே இருக்கின்றன, வலிப்பதற்கு ஆள் இல்லை.

2006-ல் சில ஆய்வாளர்கள் 'தாவர நரம்பியல்' என்ற துறைப்பெயரை முன்வைத்தபோது, மறு வருடம் 36 தாவரவியலாளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு மறுத்தார்கள். 2019-ல் லிங்கன் டைஸும் சகாக்களும் செடிக்குப் பிரக்ஞை கிடையாது, தேவையும் இல்லை என்று எழுதினார்கள். அந்தத் 'தேவையும் இல்லை' என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. வலி எதற்கு? ஓட, விலக, அடுத்த முறை அந்தப் பக்கம் போகாமலிருக்க. வேரூன்றிவிட்ட ஒன்றுக்கு அதனால் என்ன பலன்? செடியின் உடம்பே தின்னப்படுவதற்கு ஏற்றபடி கட்டப்பட்டது. ஈடுகட்ட முடியாத ஒற்றை உறுப்பு என்று இலையில் எதுவும் இல்லை. ஆயிரம் இலை, ஆயிரம் மொட்டு, எது போனாலும் இன்னொன்று. தேயிலை விட்டால் மரமாக வளரும் சாதி. அதை இடுப்பளவில் வைத்து நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறோம். நுனி போனதும் பக்கத்து மொட்டுகள் விழித்துக் கிளம்புகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும் "செடிக்கு வலிக்காது" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்குத் தயக்கம். காரணம் செடி இல்லை, பச்சைக் குழந்தைகள்.

1980-களின் நடுப்பகுதி வரை உலகின் நல்ல மருத்துவமனைகளில்கூடக் குறைமாதக் குழந்தைகளுக்கு, அசையாமலிருக்கத் தசைமருந்து மட்டும் கொடுத்து, போதிய வலிநிவாரணி இல்லாமல் அறுவை சிகிச்சை செய்தார்கள். சொன்ன காரணம்: நரம்பு முழுதாக வளரவில்லை, அழுவது வெறும் அனிச்சைச் செயல். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த், ஆபரேஷன் முடிந்து வரும் குழந்தைகளின் நிலையைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். அவருடைய குழு 1987-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபென்டனில் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் வெகுவாகக் குறைந்திருந்தன, சிக்கல்களும் குறைவு. 'வெறும் அனிச்சைச் செயல்' என்ற இரண்டு சொல் எத்தனை குழந்தைகளை நெஞ்சு பிளக்கும்போது விழித்திருக்க வைத்தது! 2022-ல் பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தில் நண்டையும் ஆக்டோபஸையும் உணர்வுள்ளவை என்று சேர்த்துக்கொண்டது. நானும் நண்டை உயிரோடு கொதிநீரில் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன்.

அப்படியானால் நாளை செடியும் இந்தப் பட்டியலில் வருமா? வராது என்பது என் கணிப்பு. குழந்தைக்கும் நண்டுக்கும் நம் கேள்வி ஒன்றுதான்: சேதிகள் வந்து சேர்ந்து, ஒரு 'நான்' போல எடைபோட்டு முடிவெடுக்கும் இடம் இருக்கிறதா? குழந்தையிடம் நம்முடைய அதே மூளை. நண்டிடம் சின்னதாக ஒன்று. செடியில் வம்பு மட்டும்தான், பஞ்சாயத்து இல்லை. ஆனால் இது கணிப்பு. இரண்டு தவறுகளில் எது மோசம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. வலிக்காத ஒன்றுக்காக வருந்தினால் நஷ்டம் எனக்கு. வலிக்கிற ஒன்றை வலிக்காது என்று சொல்லிவிட்டால் நஷ்டம் அதற்கு.

தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்கிறது. தொடுதலை அறிவது அந்த ஓர் அறிவு. அங்கே சொல் அறிவு, வலி அல்ல என்பதைக் கவனிக்காமல் ரொம்ப நாள் கடந்து போயிருக்கிறோம். தொட்டால் அதற்குத் தெரியும் என்பதோடு அந்தப் புத்தகம் நின்றுகொள்கிறது, 2018 வீடியோவும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வள்ளலார் காய்ந்த பயிரைக் கண்டு துயருற்றதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தத் துயருக்குப் பயிருக்கு வலிப்பது நிரூபணமாக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பயிர் காய்ந்தால் அடுத்து காயப்போவது வயிறு. அதே மனிதர்தான் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். செடிக்காக இரங்கியவர் அந்த இரக்கத்தை இன்னொருவர் வாயை அடைக்கப் பயன்படுத்தவில்லை.

*

நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் வருடம் ஒருமுறை யாரையாவது பேச அழைப்பார்கள். கசங்கினால்தான் தேயிலை மணக்கும், அடிபட்டால்தான் மனிதன் மிளிர்வான் என்கிற ரகம். காயத்தின் வேதியியலைக் கொஞ்சம் படித்த பிறகு இந்தப் பேச்சு எனக்கு ஆபாசமாகவே படுகிறது. மணம் குடிக்கிறவனுக்கு. இலைக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு முறை கடிபட்ட செடி அடுத்த கடிக்கு வேகமாகப் பதில் சொல்லும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வேகத்துக்கு வளர்ச்சியில் விலை கொடுக்கிறது. உறைபனி விழுந்த மறுநாள் காலை இங்கே வந்து பார்க்க வேண்டும். குளிரில் முடங்கிய இலை மேல் பளீரென்று வெயில் விழ, பயன்படுத்த முடியாத ஒளி உள்ளேயே ஆக்சிஜன் துகள்களாகப் பெருகி, தோட்டம் தோட்டமாகக் கருகிவிடும். அதே துகள்கள்தான். அளவு தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

தேயிலைக்காரர்களுக்கு இந்த அளவு தெரியும். சில வருடத்துக்கு ஒரு முறை கவாத்து வெட்டுவார்கள், செடியைக் கிட்டத்தட்ட மொட்டையாக்கும் வேலை. வெட்டுவதற்கு முன் வேரை எடுத்து அயோடின் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். நீலக்கறுப்பாக மாறினால் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் செடிக்கு மீள வழியில்லை, செத்துவிடும், பொறுக்க வேண்டும். எத்தனை காயம் தாங்கும் என்று செடியிடம் கேட்டுவிட்டு வெட்டுகிறார்கள். 'பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்ற பெயரில் மனிதர்களுக்குக் கவாத்து நடக்கும்போது யாரும் அயோடின் பாட்டிலோடு வந்து நான் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு எதிர்த் தோட்டத்தில் கொழுந்து எடுக்க வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா அம்மா 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, பறிக்கிறப்ப செடிக்கு வலிக்கும்னு நெனச்சிருக்கீங்களா?"

"வலிச்சா திரும்பத் தளுத்துக்கிட்டு வருமா தம்பி? ஒரு மாசம் பறிக்காம விட்டுப் பாருங்க, முத்திப் போயி அதுதான் செடிக்குக் கேடு." கொஞ்ச நேரம் பறித்துவிட்டு அவராகவே சொன்னார். "கையில பறிச்ச வரைக்கும் ஒண்ணும் தெரியல. இப்ப கத்தரி குடுத்துட்டாங்க. நாள் பூரா வெட்டிட்டுப் போனா ராத்திரி தோளைத் தூக்க முடியறதில்ல. கோடாலித் தைலம் தேச்சுக்கிட்டுப் படுத்துருவேன்."

அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருக்கும். நகக்கண், ரேகை மடிப்பு எல்லாம் கரும்பழுப்பு. தொழிற்சாலையில் நடக்கும் அதே ஆக்சிஜனேற்றம், தோலின் மேல் நடந்தது. ஆயிரக்கணக்கான காம்புகள் தங்கள் முறிவை அந்த விரலில் பதிந்துவிட்டுப் போயிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது என்றார். காம்பும் கத்தரிப்பிடியும் உரசி உரசி அந்த விரல்களில் ரேகையும் மழுங்கியிருக்கிறது.

ரேகை மழுங்கியதை நான் கவனித்தது ரேஷன் கடையில். வீட்டுக்காரரோடு போயிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் அந்த அக்கா. மெஷினில் கட்டைவிரல் வைத்தார். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரல், பொருந்தவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி. என் தொழில் காரணமாக உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். விரலின் கோடுகளிலிருந்து சில புள்ளிகளை எடுத்து, சேமித்து வைத்ததோடு ஒப்பிட்டு, ஒரு மதிப்பெண் போடும். யாரோ ஒரு பொறியாளர் எங்கோ உட்கார்ந்து, எவ்வளவுக்குக் கீழே போனால் 'ஆள் இவர் இல்லை' என்று தீர்மானித்திருப்பார். அந்த எண்ணை எந்தக் கைகளை வைத்துச் சோதித்தார்களோ.

"இன்னொரு கை வைங்கக்கா," என்றார் கடைக்காரர். அவருக்கு இது தினசரி. இடது கையும் ஆகவில்லை. இரண்டு கையிலும் பறிப்பவர்கள். பின்னால் வரிசை நீண்டது.

"சுண்டுவிரல் வைங்க. பறிக்கிறவங்களுக்கு அதுதான் விழும்."

வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அரிசி, பருப்பு, பாமாயிலுக்குப் பில் வந்தது. அக்கா பையை விரித்துப் பிடித்தார், கடைக்காரர் எங்கள் கார்டை வாங்கிக்கொண்டார்.